கச்சானுக்கும் வாடைக்கும் இடையில்

ஆறாம் தரப் பிள்ளைகளுக்குப் பருவகாலங்களைப் படிப்பிக்கும்போது 'இலையுதிர் காலம்' என்ற சொல்லில் ஒவ்வொரு வருடமும் பாடம் நின்றுவிடும். "சேர், நம்மட ஊரில எப்ப இல உதிரும்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பள்ளிவாசல் முற்றத்துக் கொட்டாங்காய் மரத்து இலை சிவந்து விழுவதை இன்னொரு பிள்ளை உதாரணம் காட்டும். அது பருவமல்ல, அந்த மரத்தின் சுபாவம் என்று விளக்க வேண்டியிருக்கும். நமது பழைய தமிழில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர். குளிரும் மழையும் கூடிய காலம் அது. இலை உதிர்கிற கதையே அதில் இல்லை.

வேறு நாடுகளில் மலைக்குப் போகிறவர்கள் இலை நிறம் மாறும் வாரம் எது என்று பார்த்து நாள் குறிப்பார்களாம். நமது நாட்டில் அதே செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் மூன்றும் மூன்று வேறு காலங்கள். செப்டெம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று ஓயத் தொடங்கும். ஒக்டோபர், நவம்பர் இரண்டும் இடைப்பருவம். காலையில் வெயிலும் பின்னேரம் இடியும் மழையுமாகப் போகும் அந்த இரண்டு மாதங்களில் நாடு முழுவதுமே அநேகமாக 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. டிசெம்பர் பிறந்தால் வடகீழ்ப் பருவம். ஆகவே மலைநாட்டுக்குப் போக எது நல்ல நேரம் என்று யாராவது என்னிடம் கேட்டால், மலையின் எந்தப் பக்கத்துக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். அதை எனக்குக் கற்றுத் தந்தது கொட்டகலை.

அங்கே ஆசிரியர் கலாசாலையில் 2006, 2007 ஆகிய இரண்டு வருடங்கள் இருந்தேன். கிழக்குக் கரையில் வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஊரின் ஜூன், ஜூலை மாதங்கள் ஒரு தண்டனை. உடுப்புக் காயாது. புத்தகத்தின் மட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். ஸுபஹுக்கு வுழூச் செய்யக் குழாயைத் திறந்தால் விரல் விறைத்துவிடும். வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது, 'இங்கு ஒரே மழை' என்று எழுதினால் வாப்பாவிடமிருந்து, 'இங்கு ஒரே கச்சான், வயல் வெடித்துக் கிடக்கிறது' என்று பதில் வரும்.

இரண்டும் ஒரே காற்று என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. தென்மேற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று நுவரெலியாப் பக்கத்து மலைகளில் ஏறி, தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் இல்லை. இறங்க இறங்கச் சூடேறி, சமவெளியைக் கடந்து நமது கரைக்கு வரும்போது அது கச்சானாகிவிடுகிறது. நமது முகத்தில் அனலாக அடிக்கும் அதே காற்றுத்தான் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்த வாசத்தைத் தருகிறது. பூமிசாஸ்திரப் புத்தகத்தில் இது அரைப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கொட்டகலையில் குடை பிடித்துக்கொண்டு ரயில் ஏறி, பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து, மறுபக்கம் வெயிலில் வெளிவந்தவனுக்குப் புத்தகம் தேவையில்லை.

ஆக, ஊவாப் பக்கத்துக்குச் செப்டெம்பர் நல்ல மாதம். ஒக்டோபர் முதல் வாரம் வரையும் இழுக்கலாம். இதைத் தெரிந்துகொள்வது இலேசு. ஒரு பாடசாலை ஆசிரியன் அந்த நாட்களில் வீட்டை விட்டுப் புறப்படுவதுதான் கஷ்டம்.

விடுமுறைகளைப் பாருங்கள். ஏப்ரலில் நுவரெலியா 'சீசன்'. பூக்கண்காட்சியும் வாகன நெரிசலும் வாடகைக் கொள்ளையும். ஓகஸ்டில் அந்தப் பக்கம் மழை, ஊவாப் பக்கம் கடுங்காற்று. டிசெம்பரில் வடகீழ்ப் பருவம், நமது பக்கமும் ஊவாவும் சேர்ந்து நனையும். இதில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை வேறு. நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிறது. மலையின் காலமோ நகராது. 2006, 2007, 2008 ஆகிய வருடங்களில் நோன்பு செப்டெம்பரைத் தொட்டு வந்தது. விடுமுறையும் இருந்தது, மலையும் வெளித்திருந்தது, ஆனால் நோன்போடு பிள்ளைகுட்டிகளை இழுத்துக்கொண்டு யார் சுற்றுலாப் போவது? இனி ஒருமுறை அப்படி வருவதற்கு 2030களின் கடைசி ஆகும். அப்போது நான் ஓய்வூதியக்காரன். நோன்பு மாத்திரம் அப்போதும் நோன்புதான்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் கருத்தூன்றிப் போட்டது வாப்பாவுக்காக.

வாப்பா 1944இல் பிறந்தவர். எங்கள் ஊர் கல்லோயாத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற ஊர். இங்கினியாகலையில் அணைகட்டி, 1950களின் தொடக்கத்தில் சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தபோது அவர் சிறுபிள்ளை. அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேலாக அந்தத் தண்ணீரைப் பார்த்து, அதற்காகக் காத்திருந்து, அதற்காக வாய்க்கால் ஓரத்தில் சண்டையும் பிடித்து வாழ்ந்தவர். காலத்தை அவர் தண்ணீரால்தான் கணக்கிடுவார். என் மூத்த ராத்தா பிறந்தது 'சூறாவளி வருசம்', அதாவது 1978. பெரியப்பா வீடு இடிந்தது 'ஐம்பத்தேழு வெள்ளத்தில்'. ஆனால் அவர் மலையைக் கண்டதில்லை. கொழும்புக்கு மூன்று தடவை, ஹஜ்ஜுக்கு ஒரு தடவை, மற்றப்படி வீடும் வட்டையும்தான்.

2022 மாரியில் அவருக்கு முட்டு வருத்தம் கூடியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவந்த அன்று, ஈசிச்செயாரில் சாய்ந்தபடி, "மகன், இந்தத் தண்ணி எங்க இருந்து வருகுது எண்டு ஒருக்காப் போய்ப் பாக்கணும்" என்றார். அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே பயணம் இதுதான். கல்லோயா பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. வாகனத்தில் போனால் ஒரு பகல் தூரம்கூட இல்லை.

டொக்டரிடம் கேட்டேன். குளிர் பரவாயில்லை, ஈரக்குளிரும் மூடுபனியும்தான் கூடாது, மூச்சு முட்டினால் பம்பு கையில் இருக்கட்டும், மிக உயரத்தில் தங்க வேண்டாம் என்றார். இதைக் கேட்டதும் நுவரெலியா கணக்கிலிருந்து விழுந்தது. அது 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை ஏறத்தாழ 1,225 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பது நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கணக்கு. நமது ஊரில் முப்பத்துமூன்று என்றால் பண்டாரவளையில் இருபத்தைந்து. ஒரு சுவெட்டருக்குள் அடங்கிவிடும்.

என்னோடு கலாசாலையில் படித்த நண்பரொருவர் பண்டாரவளைக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையொன்றில் இருக்கிறார். இருபது வருடப் பழக்கம், ஆனாலும் ஒருவரையொருவர் இன்றும் 'சேர்' என்றுதான் அழைத்துக்கொள்கிறோம். அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "செப்டெம்பர் கடைசியில கூட்டிக்கிட்டு வாங்க சேர். ஒக்டோபர் பாதி தாண்டிட்டா ரெண்டு மணிக்கு மேல வெளிய தலை காட்ட முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. தண்ணி பாக்கணும்னு சொல்றாரே, அந்த நேரத்துல ஓடையில தண்ணி இருக்காதே" என்றும் சொன்னார்.

விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருந்தது. மனிதன் மலைக்குப் போவதற்கு நல்ல நாட்கள் மலையில் தண்ணீர் இல்லாத நாட்கள். தண்ணீர் நிறைந்து இறங்குகிற நாட்களில் வாப்பாவின் நெஞ்சு அங்கே தாங்காது. பாதையும் தாங்காது. இதை வாப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. "வாய்க்கால் வத்தினாத்தான் வாய்க்கால்ர அடி தெரியும். சூடடிச்சு முடிஞ்சாப் பிறகு போவோம்" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் வெள்ளாமை செய்கிறவனுக்கு வருடத்தில் ஒரேயோர் இடைவெளிதான் உண்டு. சிறுபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிடும். பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்து உழவு தொடங்கியிருக்காது. செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை. கச்சான் ஓய்ந்து வாடை தொடங்காத நாட்கள். வானிலை அவதான நிலையத்தின் கணக்கும், கொட்டகலையில் நான் படித்ததும், வாப்பாவின் வயல் கலண்டரும் ஒரே இடத்தில் வந்து நின்றதில் எனக்கு ஒரு சந்தோஷம். பாடசாலைக் கலண்டர் மட்டுந்தான் ஒத்துவரவில்லை. அதையும் 2023 சரிசெய்து தந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 28, வியாழக்கிழமை மீலாத் விடுமுறை. மறுநாள் வெள்ளி பினர போயா. சனி, ஞாயிறோடு சேர்த்து நாலு நாள். இப்படி இரண்டு விடுமுறைகள் கைகோத்து வருவதும் சந்திரக் கணக்கின் தயவுதான்.

வாடகைக்கு வேன் பிடித்து, ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வாப்பா முன் ஆசனத்தில். தமண, சியம்பலாண்டுவ, மொணராகலை என்று போகும்வரை அவருக்கு எல்லாம் பழக்கமான நிலம்தான். எந்தக் கண்டத்தில் அறுத்திருக்கிறார்கள், எதில் இன்னும் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். மொணராகலை தாண்டி, பசறைப் பாதையில் வேன் ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றது. ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை, மறுபக்கம் கண்ணுக்கு அடி தெரியாத பள்ளம். நமுனுகுலையைச் சாரதி காட்டினார். 2,000 மீற்றருக்கு மேல் உயரம் என்றேன். வாப்பா உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இதில பெய்யிற மழ எல்லாம் ஒரு பக்கம் இறங்கித்தானே ஆகணும்" என்றார்.

பசறைக்குக் கிட்ட ஒரு சின்னப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே பாறைகளுக்கு நடுவே கைவிரல் தடிப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாறையின் பக்கங்களில், எங்கள் இடுப்புக்கு மேலே, மாரித் தண்ணீர் ஏறிய அடையாளம் கறுப்பாகப் படிந்திருந்தது. இது கல்லோயா இல்லை, கிழக்கே அந்தத் தொடருக்கு அப்பால் இப்படிப்பட்ட ஓடைகள் நூறு சேர்ந்துதான் கல்லோயா என்றேன். அவர் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொல்லை ஊன்றி, என் தோளையும் பிடித்துக்கொண்டு இறங்கி, அந்த விரல் தடிப்புத் தண்ணீரில் வுழூச் செய்துகொண்டார். "இவ்வளவுதானா?" என்று அவர் கேட்பார் என நான் எதிர்பார்த்திருந்தேன். கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் இறங்கி வருகுதே" என்று மட்டும் சொன்னார்.

பண்டாரவளையில் இரண்டு இரவு தங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனேன். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் அவருக்குப் பக்கத்தில் தொழுத கடை முதலாளியொருவர் வாப்பாவின் பேச்சை வைத்தே கிழக்கு மாகாணம் என்று கண்டுபிடித்து, எங்கள் சாரதி உட்பட எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தார். வாப்பா அந்தத் தேநீரைப் பற்றி ஊருக்கு வந்தும் பலரிடம் சொன்னார். கச்சான் மணக்கிறது என்று நான் சொன்ன பகிடியை மட்டும் அவர் ரசிக்கவில்லை. கச்சானில் வெள்ளாமை கருகிக் கண்டவருக்கு அதில் மணமிருப்பதாகச் சொன்னால் எப்படிப் பிடிக்கும்?

அன்று பின்னேரம் நண்பரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மாமியார் இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறவர். வாப்பாவும் அவரும் பேசிக்கொண்ட பேச்சை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமாமே என்று வாப்பா கேட்டார். "வெல தொரைக்குக் கெடைக்கும்ங்க. காத்து அடிச்சா கொழுந்து வராது. கிலோ கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க" என்றார் அந்த அம்மா. மழை வந்தால் கொழுந்து வரும், முழுப்பேர் கிடைக்கும், ஆனால் இராத்திரியில் நித்திரை வராது என்றார். ஏனென்று வாப்பா கேட்கவில்லை. அந்த வீட்டு முற்றத்தில் நின்றாலே விளங்கும். லயனுக்குப் பின்னால் மலை, முன்னால் பள்ளம்.

கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் அறைகளைப் புதைத்தது 2014 ஒக்டோபர் 29இல். இடைப்பருவ மழையில், காலை வேளை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் அதனால் தப்பினார்கள். பின்னேரம் திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. அந்த வாரம் எங்கள் பாடசாலையிலும் பிள்ளைகள் அரிசியும் உடுப்பும் சேர்த்து அனுப்பினார்கள். ஆசிரியனாக எனக்கு அந்தச் செய்தியில் வேறு எதையும்விட அந்தக் காலை மணியடிப்பு மனதில் தங்கியிருக்கிறது. பண்டாரவளையிலிருந்து அந்த இடம் தூரமில்லை. நண்பர் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டபோது வாப்பா வேண்டாமென்றார்.

சனிக்கிழமை ரயிலில் பட்டிப்பொல வரை போனோம். வேன் வெலிமடைப் பாதையால் அங்கே வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. நீண்ட விடுமுறை என்பதால் பெட்டியில் நிற்க இடமில்லை. ஒரு சிங்களப் பொடியன் எழும்பி வாப்பாவுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தான். தியத்தலாவை, ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன என்று ஒரு பக்கம் முழுவதும் கீழே சமவெளி வெயிலில் வெளித்துக் கிடந்தது. ஒஹிய தாண்டிச் சுரங்கத்துக்குள் போகும்போது நான் வாப்பாவின் கழுத்தில் சால்வையைச் சுற்றினேன். வெளியே வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகப் புகார், அதற்குள் தூறல். நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம் என்று மற்றவர்கள் பலகையடியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வாப்பாவுக்கு நெஞ்சு இரையத் தொடங்கிவிட்டது. பம்பைக் கொடுத்து, வேனில் ஏற்றி, வெலிமடைப் பக்கம் இறங்கினோம். முக்கால் மணித்தியாலத்தில் மரக்கறித் தோட்டங்களுக்கு மேலே வெயில் வந்தது. மூச்சும் சீராகியது. கண்ணை மூடியபடியே, "மற்றப் பக்கத்துக்கு வந்திட்டமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மலைக்கு இரண்டு பக்கம் உண்டென்று நான் அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஊருக்கு வந்து மூன்று வாரத்தில் முதல் மழை விழுந்து உழவு தொடங்கியது. அந்தப் போகத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். காட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெரும்போகத்துக்கு அவர் இருக்கவில்லை. 2024 ஓகஸ்டில், சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த நாளொன்றில் வபாத்தானார். அதனால் அந்த நவம்பரில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போய் மத்ரஸா மாணவர்களைப் பலி கொண்டதை அவர் அறியவில்லை. அறிந்திருந்தால் அந்த வருடத்துக்கும் அவரிடத்தில் ஒரு பெயர் இருந்திருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாங்கள் போன ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கும் படங்களைக் கைபேசியில் பார்த்தேன். நண்பருக்கு மூன்று நாள் அழைப்பு எடுபடவில்லை. நாலாம் நாள் எடுபட்டது. லயனை விட்டு எல்லோரும் அவருடைய பாடசாலையில் இருக்கிறார்களாம். மாமியார் ஐந்தாம் வகுப்பறையில் படுத்திருக்கிறாராம். "மலை பின்னால சத்தம் போட்டிச்சு சேர். ராத்திரியே எறங்கிட்டோம்" என்றார்.

என் பிள்ளைகள் வாப்பாப்பா போன மலைக்குத் தாங்களும் போக வேண்டுமென்று அந்த டிசெம்பர் விடுமுறைக்காக ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிசெம்பரில் இல்லை, செப்டெம்பரில் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். நிவாரணப் பொருட்களோடு எங்கள் ஊர் லொறி புறப்பட்டபோது மூத்த மகள் தன் பாடசாலைப் பைகளில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். சென்ற மாதம் நண்பரோடு பேசும்போது, இந்த வருடம் செப்டெம்பர் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டேன். வரவேண்டாமென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"மண்ணு கொஞ்சம் இறுகட்டும் சேர். இந்த ஒக்டோபர் மழை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு, நானே சொல்றேன்" என்றார்.